ஊசி படாத துணி

மூன்றாவது முறை நாள் தள்ளிப்போனது உறுதியானதுமே நர்கீஸ் தனக்குள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். இந்தப் பிள்ளைக்கென்று ஊசியைக் கையில் எடுப்பதில்லை.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள் என்று அவளுக்கே தெரியும். பேகம்பூரில் அவர்கள் தெருவுக்கும் அக்கம்பக்கத்துத் தெருக்களுக்கும் அவள்தான் தையல்காரி. கல்யாண ஜாக்கெட்டும் பள்ளிக்கூடப் பாவாடையும் நோன்புப் பெருநாளைக்குப் பிள்ளைகள் போடும் சட்டையும் அவளுடைய கால் மிஷினில்தான் உருவாகும். காலையில் உலையை இறக்கிவிட்டு உட்கார்ந்தால் மத்தியானம் பாங்கு சொல்கிறவரை மிஷின் ஓடிக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்டவள் ஊசிக்குப் பயப்படுகிறாள் என்றால் யார் நம்புவார்கள்?

பயம் என்று அவளும் அதைச் சொல்லிக்கொள்ளவில்லை. நடந்ததை நினைத்துப் பார்த்தாள், அவ்வளவுதான். முதல் பிள்ளைக்கு, தாய்வீடான சேவுகம்பட்டிக்குப் புறப்படும் முன்பே ஒரு டிரங்குப் பெட்டி நிறையத் தைத்து வைத்திருந்தாள். கையில்லாச் சட்டை, நாடா வைத்த சட்டை, காது மூடும் குல்லா, மெத்தை, தலையணை. எல்லாவற்றின் ஓரத்திலும் பூவேலை. பிள்ளை அழாமலே பிறந்து அழாமலே போனது. இரண்டாவது தடவை கொஞ்சமாகத்தான் தைத்தாள். அந்தப் பிள்ளை அழுதது, பால்கூடக் குடித்தது. பெயர் வைக்கும் நாள் வருவதற்குள் உடம்பு நீலம் பாரித்துப் போய்விட்டது. இரண்டு தடவையும் துணிகளை அண்ணன் பெண்டாட்டி மூட்டையாகக் கட்டி யாருக்கோ கொடுத்துவிட்டாள். பெட்டி மட்டும் காலியாக, செம்பட்டி வழியாகப் பஸ்ஸில் அவளோடு திரும்பி வந்தது.

புருஷன் அப்துல் ஜப்பார் தோல் ஷாப்பில் வேலை பார்த்தான். ஆவாரம்பட்டைத் தண்ணீரில் நாள் முழுக்கத் தோலைப் புரட்டுகிறவன். கை இரண்டும் முழங்கை வரைக்கும் செம்மண் நிறத்தில் ஊறிப்போயிருக்கும். பேச்சு குறைவு. இந்தத் தடவை ஒரே ஒரு விஷயத்தில் அவன் பிடிவாதமாக நின்றான்.

“சேவுகம்பட்டிக்கு அனுப்பல. இங்ஙனயே ஆஸ்பத்திரியில பாத்துக்குவோம்.”

பிரசவத்துக்குத் தாய்வீடு அனுப்பாத குடும்பத்தை ஊர் நாலு விதமாகப் பேசும். மாமியார் ரம்ஜான் பீவி இதற்குச் சண்டை பிடிப்பாள் என்று நர்கீஸ் எதிர்பார்த்தாள். ரம்ஜான் பீவியோ வெற்றிலையை மென்றுகொண்டே, “பேசுறவ பேசிட்டுப் போறா. டாக்டரம்மா கையில ஒப்படைச்சிரு” என்று முடித்துவிட்டாள்.

ஆறாம் மாதம் வயிறு தெரிய ஆரம்பித்தபோது நர்கீஸின் கை சும்மா இருக்க மறுத்தது. அடுத்தவர் பிள்ளைக்குச் சட்டை தைக்கும்போதெல்லாம் தன் பிள்ளைக்கு ஒன்றுமே இல்லையே என்று மனசு அரித்தது. ஒருநாள் அப்துல் ஜப்பாரின் நைந்துபோன கைலி ஒன்றை எடுத்து, மூட்டியிருந்த ஓரத்தைக் கழித்துவிட்டுச் சதுரம் சதுரமாகக் கிழித்தாள். பிள்ளைக்கு இடுப்புத் துணி. கிழித்த ஓரத்தில் நூல் பிரிந்து தொங்கியது. வழக்கமாக என்றால் ஓரத்தை மடித்து மிஷினில் ஒரு ஓட்டு ஓட்டியிருப்பாள். மிஷின் கை எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பாமல், தொங்கிய இழைகளைக் கொத்துக் கொத்தாகப் பிடித்து முடிச்சுப் போட்டாள். சின்னாளப்பட்டிச் சேலையின் முந்தியில் போடுவார்களே, அந்த மாதிரி.

ரம்ஜான் பீவி ஒன்றை எடுத்துப் பார்த்தாள்.

“என்னடி இது? பிள்ளை தொடையில இம்புட்டு முடிச்சும் உறுத்தாதா? ஒரு ஓட்டு ஓட்டுனா தீந்துச்சு.”

“அப்புறம் ஓட்டுறேன் மாமி.”

“அப்புறம் என்ன அப்புறம்? கொண்டா, நானே கையால அடிச்சுத் தாரேன். ஊசி எங்க?”

நர்கீஸ் துணியை மாமியார் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கிவிட்டாள். பிடுங்கிய பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று தெரிந்தது. கல்யாணமாகி வந்ததிலிருந்து மாமியார் முன்னால் அவள் குரலைக்கூட உயர்த்தியதில்லை.

“ஊசி வேணாம் மாமி. இந்தப் பிள்ளைக்கு மட்டும் ஊசி வேணாம்.”

ரம்ஜான் பீவிக்குக் கோபம் வரவில்லை. விஷயம் அவளுக்கு மெதுவாகத்தான் பிடிபட்டது.

“ஊசிக்கு என்னடி அம்புட்டுச் சத்து? குடுக்குறதும் எடுக்குறதும் அல்லாவோட நாட்டம். இரும்புத் துண்டு என்ன செய்யும்?”

“தெரியும் மாமி. புத்திக்கு எல்லாம் தெரியுது. கைதான் வர மாட்டேங்குது.”

ரம்ஜான் பீவி எழுந்துபோய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தாள். வந்து பக்கத்தில் உட்கார்ந்து, நர்கீஸ் போட்ட முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்க்க ஆரம்பித்தாள்.

“சரி, எடுக்காட்டி ஒண்ணும் குத்தமில்ல. எடுக்காம இரு. ஆனா இந்த முடிச்சு வேணாம். துணியை மூணு மூலையா மடிச்சுக் கட்டு. கிழிஞ்ச ஓரம் பூரா உள்ள போயிரும். தச்சாத்தான் துணியா?”

அதோடு அந்தப் பேச்சு நின்றது. அப்துல் ஜப்பாருக்கு அவன் அம்மா சொன்னாளோ என்னவோ, மறுவாரம் அவன் மெத்தென்று பதப்படுத்திய ஆட்டுத்தோல் வெட்டுத் துண்டுகள் நாலைந்தை மடியில் சுருட்டிக்கொண்டு வந்தான். பிள்ளையின் தொட்டில் கயிறு உத்தரத்தில் உராயும் இடத்தில் சுற்றிக் கட்டினால் கயிறு தேயாது என்றான். பிள்ளைக்கென்று அவன் வாய் திறந்து சொன்ன முதல் வார்த்தை அது. முந்தைய இரண்டு தடவைக்குப் பிறகு அவனும் எதையும் முன்கூட்டிப் பேசுவதில்லை.

எட்டாம் மாதம் பிறந்தபோது வியாகுலம்மாள் டீச்சர் வந்தாள்.

வியாகுலம்மாள் கன்னியாஸ்திரிகள் நடத்தும் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் தையல் சொல்லிக்கொடுப்பவள். இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தாள். ஐம்பது வயதுக்காரி. பொத்தான் வாங்கவும் மிஷின் எண்ணெய் கடன் கேட்கவும் என்று நர்கீஸ் வீட்டுக்கு வரப்போக இருந்து, அப்படியே நெருக்கமாகிவிட்டவள். அன்று ஒரு காகிதப் பொட்டலத்தை நர்கீஸ் மடியில் வைத்தாள்.

“பிரிச்சுப் பாரு. ஒரு மாசமா ராத்திரியில உக்காந்து போட்டேன்.”

உள்ளே வெள்ளைப் பாப்ளினில் ஒரு சின்னக் கவுன் இருந்தது. நெஞ்சுப் பக்கம் சுருக்கம் பிடித்து, ரோஸ் நூலில் அரிசி அரிசியாகத் தையல். கூடவே ஒரு குல்லா. நர்கீஸுக்கு வேலையின் அருமை தெரியும். அந்தச் சுருக்கம் ஒவ்வொன்றுக்கும் எத்தனை தரம் ஊசி ஏறி இறங்கியிருக்கும் என்றும் தெரியும். துணியைத் தொடாமல், காகிதத்தின் இரண்டு ஓரத்தையும் பிடித்து மூடினாள்.

“டீச்சர், இது இப்ப வேணாம். உங்ககிட்டயே இருக்கட்டும்.”

“ஏன், பிடிக்கலையா?”

“பிடிக்காம இல்ல. வீட்டுல வைக்கவேண்டாமேன்னுதான்.”

வியாகுலம்மாளின் முகம் சுண்டிப்போனது. பொட்டலத்தை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

“எங்க வீட்டுத் துணி உங்க பிள்ளைக்கு ஆகாதுன்னா நேராச் சொல்லியிருக்கலாம் நர்கீஸ். நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன். வாரேன்.”

ரம்ஜான் பீவி கொல்லையிலிருந்து வருவதற்குள் டீச்சர் தெருமுனை தாண்டிவிட்டாள். நர்கீஸ் அன்று முழுக்கத் துணி எதையும் தைக்கவில்லை. தன் பயம் தன்னோடு இருந்தால் பரவாயில்லை, அது இன்னொருத்தி முகத்தில் அறைந்த மாதிரி ஆகிவிட்டதே என்று இருந்தது. மதம் பார்த்தாள் என்று டீச்சர் நினைத்துக்கொண்டு போனதுதான் தாங்க முடியவில்லை.

மறுநாள் அஸர் தொழுகை முடிந்ததும் தலையில் துப்பட்டியைப் போட்டுக்கொண்டு, வயிற்றைப் பிடித்தபடி மெதுவாக நடந்து டீச்சர் வீட்டுக்குப் போனாள். வியாகுலம்மாள் வாசல் கதவைத் திறந்துவிட்டு முகம் கொடுக்காமல் நாற்காலியை இழுத்துப் போட்டாள். நர்கீஸ் உட்கார்ந்ததும் முன்னுரை எதுவும் இல்லாமல் எல்லாவற்றையும் சொன்னாள். டிரங்குப் பெட்டி, குல்லா, பூவேலை, அழாத பிள்ளை, அழுத பிள்ளை. சொல்லும்போது அவள் அழவில்லை. வியாகுலம்மாள்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அடிப்பாவி, இதை நேத்தே சொல்றதுக்கென்ன? நான் ராத்திரி பூரா உன்னைத் திட்டிக்கிட்டே கிடந்தேன்.”

“எப்படிச் சொல்றது டீச்சர்? நானே தையல்காரி. கேட்டா நீங்க சிரிக்க மாட்டீங்களா?”

“சிரிக்க என்ன இருக்கு? எங்க பக்கத்துலயும் பிள்ளை பிறக்குறதுக்கு முந்தி எதுவும் வாங்கக்கூடாதும்பாங்க. நான்தான் கேக்குறதில்ல.” கண்ணைத் துடைத்த முந்தியை இடுப்பில் செருகிக்கொண்டு கேட்டாள். “ஊசிதானே ஆகாது? நூல் ஆகுமா?”

“ஆகும்.”

“கத்திரி?”

நர்கீஸ் இதை யோசித்ததில்லை. “கத்திரி வெட்டும், குத்தாதே. ஆகும்னுதான் நினைக்கிறேன்.”

“அப்பச் சரி. சனிக்கிழமை பள்ளிக்கூடம் லீவு. வாரேன்.”

அந்தக் கவுனை ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஞானஸ்நானம் பெற்ற ஒரு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டதாக டீச்சர் பிறகு சொன்னாள். அதைப் பற்றி இருவரும் மறுபடி பேசவில்லை. சனிக்கிழமை அவள் வந்தபோது கையில் ஒரு துணிமூட்டை இருந்தது. பலதரம் வெளுத்து வெளுத்து வெண்ணெய் மாதிரி இளகிப்போன பழைய சேலைகள், ஒரு வேட்டி. “எல்லாம் தறியில இருந்து வந்தபடியே இருக்கு. ஒரு இடத்துலயும் ஊசி படல. பாத்துத்தான் எடுத்தாந்தேன்” என்றாள்.

முதலில் மெத்தையை எடுத்துக்கொண்டார்கள். மெத்தைக்கு உறை தைக்காமல் பஞ்சு எப்படி நிற்கும் என்பதுதான் கேள்வி. நர்கீஸ் வேட்டியையும் சேலையையும் ஒரே அளவாக வெட்டி, ஒன்றின்மேல் ஒன்றாக விரித்தாள். சுற்றிலும் ஓரத்தை விரல் அகல வார் வாராகத் தொங்கும்படி கத்திரியால் கீறிக்கொண்டே வந்தாள். மேல்துணியின் வாரும் கீழ்த்துணியின் வாரும் ஜோடி ஜோடியாகக் கிடைத்தன. ஒவ்வொரு ஜோடியையும் சேர்த்து இறுக்கி முடிந்தார்கள். டீச்சர் ஒரு பக்கம், ரம்ஜான் பீவி ஒரு பக்கம், நர்கீஸ் ஒரு பக்கம். நாலாவது பக்கத்தைத் திறந்து வைத்து, வீட்டிலிருந்த பழைய தலையணையைப் பிரித்து இலவம்பஞ்சைக் கொட்டையில்லாமல் உதறி உள்ளே திணித்துவிட்டு, அதையும் முடிந்தார்கள்.

தூக்கிப் பார்த்தால் பஞ்சு பூராவும் ஒரு மூலைக்கு ஓடிவிட்டது.

“நடுவுல ரெண்டு தையல் விழணும். வேற வழியே இல்ல” என்றாள் டீச்சர், தன்னை மறந்து. சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

நர்கீஸ் மெத்தையைக் குப்புறப் போட்டாள். சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடும் முன் துணியைக் கிள்ளிக் கிள்ளி நூலால் கட்டுவதை அவள் சின்னாளப்பட்டியில் பார்த்திருக்கிறாள். பஞ்சை விரலால் ஒதுக்கிவிட்டு, இரண்டு துணியையும் சேர்த்து அடியிலிருந்து கிள்ளிப் பிடித்து, நூலைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். ஒரு சாண் தள்ளி இன்னொன்று, பிறகு இன்னொன்று. திருப்பிப் போட்டபோது மேல்பக்கம் சின்னச் சின்னக் குழிகள்தான் இருந்தன. முடிச்செல்லாம் அடியில் போய்விட்டது. பஞ்சு நகரவில்லை. ரம்ஜான் பீவி உள்ளங்கையால் மெத்தை முழுக்க அழுத்திப் பார்த்துவிட்டு, “உறுத்தல” என்றாள்.

அதன்பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் ஏதாவது ஒன்று நடந்தது. தோல் ஷாப்பில் யாரோ தூக்கிப் போட்ட உடைந்த குடையொன்றை அப்துல் ஜப்பார் கொண்டுவந்தான். கறுப்புத் துணியை உரித்துவிட்டு, தண்டைப் பாதியில் அறுத்துக் கைப்பிடியை எடுத்துவிட்டு, துருவைத் தேய்த்துக் கம்பிகளுக்கு எண்ணெய் போட்டுக் கொடுத்தான். நர்கீஸ் தன்னுடைய மெல்லிய மல்லுத் துணியொன்றை அதன்மேல் போர்த்தி, ஒவ்வொரு கம்பி நுனியிலும் துணியை முறுக்கி நூலால் கட்டினாள். விரித்துத் தரையில் கவிழ்த்தால் பிள்ளைக்கு மேல் கொசு அண்டாத கூடாரம், மடக்கினால் சுவரில் மாட்டிவிடலாம். தைத்துத் தீர்ந்த வெறும் நூல்கட்டைகள் ஒரு டப்பா நிறையக் கிடந்தன. மஞ்சளிலும் மருதாணியிலும் சலவை நீலத்திலும் ஊறவைத்துக் காயப்போட்டு, ஒரு நாடாவில் கோர்த்தாள். நடுவில்தான் துளை இருக்கிறதே, கோர்க்க ஊசி எதற்கு? தொட்டிலுக்கு மேல் கட்டினால் காற்றில் கடகடவென்று ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். ஒரு பழைய மூங்கில் கூடையின் உள்பக்கம் மைதாப் பசை காய்ச்சி வெள்ளைத் துணியை ஒட்டினாள், பிள்ளையின் துணிகளைப் போட்டுவைக்க. கடுகுத் தலையணைதான் கடைசி. ஒரு கெட்டித் துணியில் கடுகைப் பரப்பி, பாய் மாதிரி உருட்டி, இரண்டு முனையையும் மிட்டாய்க் காகிதத்தைத் திருகுவதுபோலத் திருகிக் கட்டினாள்.

“எங்க வகுப்புப் பிள்ளைகளுக்கு இதையெல்லாம் காட்டக்கூடாது. அப்புறம் ஒரு பிள்ளையும் ஊசி எடுக்காது” என்று டீச்சர் சொல்லிச் சிரித்தாள்.

எல்லாவற்றையும் ஒரு மூட்டையாகக் கட்டி, ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போக வேண்டிய துணிகளைத் தனியாக இன்னொரு மூட்டையில் வைத்தாள் நர்கீஸ். மார்கழியில்தான் நாள் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள்.

பிள்ளை அதுவரை பொறுக்கவில்லை. ஐப்பசியே இன்னும் முடியாத நேரம், நல்ல மழை. காலையில் கோழிக்குத் தவிடு போட்டுக்கொண்டிருந்த நர்கீஸுக்குப் பனிக்குடம் உடைந்துவிட்டது. ரம்ஜான் பீவி தெருவில் இறங்கிக் கத்தி, ஒரு குதிரைவண்டியைப் பிடித்து, மருமகளைக் கைத்தாங்கலாக ஏற்றினாள். பள்ளமெல்லாம் தண்ணீர் நின்ற ரோட்டில் வண்டி குலுங்கிக் குலுங்கிப் போனது. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போதுதான் துணிமூட்டையை வீட்டிலேயே விட்டுவிட்டது ரம்ஜான் பீவிக்கு உறைத்தது.

மத்தியானத்துக்குப் பிறகு பெண்பிள்ளை பிறந்தது. அழுகைச் சத்தம் பூனைக்குட்டியுடையது மாதிரி மெலிதாக இருந்தது. ஆனாலும் அழுதது. நர்கீஸ் அதைக் கேட்டாள். அந்தச் சத்தம் நிற்கிறதா என்று காது கொடுத்துக்கொண்டே அசதியில் கண்ணயர்ந்துவிட்டாள்.

விழித்தபோது பக்கத்தில் பிள்ளை படுத்திருந்தது. முகமும் கையும் அவ்வளவு சின்னதாக இருந்தன. மேலே ஆஸ்பத்திரிச் சட்டை போட்டிருந்தார்கள். முரட்டு பிளானல் துணி, முன்பக்கம் திறந்து இரண்டு நாடா. தோளிலும் பக்கவாட்டிலும் சிவப்பு நூலில் தையல்.

நர்கீஸ் முழங்கையை ஊன்றி எழப் பார்த்தாள்.

“மாமி, சட்டையைக் கழட்டுங்க.”

ரம்ஜான் பீவி எழுந்து வந்தாள். அவள் சேலை மழையில் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

“கழட்டிரலாம்டி. ஆனா மாத்துறதுக்கு எதுவும் இல்ல. மூட்டையை வீட்டுலயே விட்டுட்டு வந்துட்டேன். ஷாப்பில இருந்து ஓடிவந்த ஜப்பாரு எடுத்தாரப் போயிருக்கான், இந்த மழையில எப்ப வாரானோ. நர்சம்மா சொல்லிட்டுப் போச்சு, பிள்ளை மாசம் நிறையாமப் பொறந்திருக்கு, சூடு குறையாமப் பாத்துக்கணுமாம்.” ஈர முந்தியைப் பிழிந்துகொண்டே, “நீ சொன்னா கழட்டுறேன். நான் தடுக்க மாட்டேன்” என்றாள்.

நர்கீஸ் தானே கையை நீட்டி மேல்நாடாவை அவிழ்த்தாள். உள்ளே விரலை விட்டுப் பார்த்தாள். சட்டைக்குள் பிள்ளையின் நெஞ்சு வெதுவெதுப்பாக இருந்தது. காலைத் தொட்டாள். காலுக்குச் சட்டை எட்டவில்லை. கால் தண்ணீரில் கிடந்த கூழாங்கல் மாதிரி ஜில்லென்று இருந்தது. திறந்த பக்கம் ஈரக்காற்று பட்டதும் பிள்ளை உடம்பைச் சுருட்டிக்கொண்டு உதட்டைப் பிதுக்கியது.

அவள் நாடாவைப் பிடித்தபடியே இருந்தாள். கிட்டத்தில் பார்த்தபோது தோள் தையல் கோணலாக ஓடியிருந்தது தெரிந்தது. அவசரத்தில் ஓட்டியது. யார் பிள்ளைக்கென்றும் இல்லாமல் யாரோ கட்டுக்கட்டாகத் தைத்துப் போட்டது. எத்தனை பிள்ளைகள் இதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போயினவோ, எத்தனை போகவில்லையோ.

நாடாவை மறுபடி கட்டினாள். கட்டிவிட்டு, பிள்ளையின் இரண்டு காலையும் தன் உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள்.

“இருக்கட்டும் மாமி. அவுக வந்ததும் காலைச் சுத்திக்கட்டத் துணி எடுத்துக்கலாம்.”

ரம்ஜான் பீவி சரி என்றாள். அப்துல் ஜப்பார் தொப்பலாக நனைந்து வந்து சேர்ந்தான், மூட்டையை மட்டும் தோல் ஷாப்பு ரப்பர் துணியில் சுற்றி நனையாமல் கொண்டுவந்திருந்தான். பிள்ளையைப் பார்த்துவிட்டு, கையை நீட்டப் போனவன், பட்டைச் சாயம் ஏறிய கையைக் கைலியில் துடைத்துக்கொண்டான். துடைத்தால் போகிற சாயமா அது? “தூக்குங்க, ஒண்ணும் செய்யாது” என்றாள் நர்கீஸ்.

பிள்ளையின் எடை ஏறும்வரை அவர்களை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். நர்கீஸ் பல இரவு சரியாகத் தூங்கவில்லை. பிள்ளையின் வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்தபடியே கிடந்தாள். உடம்பு நிறம் மாறுகிறதா என்று வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். நர்ஸ்கள் தினமும் காலையில் வேறு வேறு ஆஸ்பத்திரிச் சட்டையை மாட்டிவிட்டுப் போனார்கள். சட்டைக்கு மேல், டீச்சர் கொண்டுவந்த பழைய சேலைத் துணியை அவள் சுற்றினாள். இரண்டும் சேர்ந்துதான் பிள்ளைக்குச் சூடு கொடுத்தன. பெயர் வைக்கும் நாளும் அங்கேயே வந்தது. அப்துல் ஜப்பார் பிள்ளையின் காதில் பாங்கு சொல்லி, கமர்ஜஹான் என்று பெயர் சொன்னான். அன்றைக்குத்தான் நர்கீஸ் அழுதாள். பக்கத்துக் கட்டில்காரி வந்து சமாதானம் சொல்லும் அளவுக்கு அழுதாள்.

வீட்டுக்கு வந்த பிறகு, செய்து வைத்தவையெல்லாம் வேலைக்கு வந்தன. மெத்தை நன்றாகவே இருந்தது, துவைத்துக் காயப்போட்டால் மட்டும் பஞ்சு கட்டி தட்டியது. தொட்டில் கயிறு தோல் சுற்றிய இடத்தில் சத்தமே போடவில்லை. கூடையில் ஒட்டிய துணியை மைதாப் பசைக்காகக் கரப்பான் அரித்துவிட்டதால் அதை உரித்தெறிய வேண்டியதாயிற்று. கடுகுத் தலையணை மூன்றாம் நாளே மானத்தை வாங்கியது. பிள்ளையைப் பார்க்கத் தெருப் பெண்கள் நாலு பேர் வந்து உட்கார்ந்திருந்த நேரம் பார்த்து ஒரு முனை முடிச்சு அவிழ்ந்து, கடுகு மொத்தமும் சிமெண்டுத் தரையில் சரசரவென்று ஓடியது. வந்தவர்களில் ஒருத்தி எழுந்திருக்கப் போய் வழுக்கி மறுபடி உட்கார்ந்தாள். கோழிகள் உள்ளே வந்துவிட்டன. ரம்ஜான் பீவி விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு ஓடிவந்து, யாரைத் திட்டுவது என்று தெரியாமல் கோழிகளைத் திட்டினாள். கமர்ஜஹான் அத்தனை களேபரத்திலும் தூங்கிக்கொண்டிருந்தாள்.

குடைக் கூடாரம்தான் எல்லார் கண்ணையும் பறித்தது. பேகம்பூரில் சாக்கடைக் கொசுவுக்குக் குறைச்சல் இல்லை. கைப்பிள்ளை இருக்கிற வீட்டிலிருந்தெல்லாம் கேட்டு வந்தார்கள். “உடைஞ்ச குடை கொண்டுவாங்க, கட்டித் தாரேன்” என்றாள் நர்கீஸ். அப்துல் ஜப்பாரும் எங்கே ஒடிந்த குடையைக் கண்டாலும் தூக்கிக்கொண்டு வந்து, கம்பியை நிமிர்த்தி எண்ணெய் போட்டு வைத்தான். பேசாத மனுஷன், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு குடைக்கம்பி தட்டும்போது மட்டும் ஏதேதோ பேசினான்.

பிள்ளை பெற்றவளுக்கான நாற்பது நாள் முடிந்தது. பிள்ளை கன்னம் உப்பி, கழுத்து நின்று, தொட்டில் துணியைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தது. இதுவரைக்கும் மடித்துச் சுற்றிக் கட்டிய துணியில்தான் இருந்தாள். குளிர்காலம் போய் மாசி பிறந்த பிறகு அந்தச் சுற்றுத்துணி அவளுக்கு ஆகவில்லை. காலை உதைத்து உதைத்து முடிச்சையெல்லாம் அவிழ்த்துவிட்டு, பிறந்தமேனியாகக் கிடந்து சிரித்தாள்.

ஒருநாள் வியாகுலம்மாள் டீச்சர் பிள்ளையைக் கொஞ்சிக்கொண்டிருந்தபோது, நர்கீஸ் மிஷின் இழுப்பறையிலிருந்து அளவு நாடாவை எடுத்து வந்தாள். பிள்ளையைப் பாயில் படுக்கவைத்து, நெஞ்சைச் சுற்றி நாடாவை வைத்தாள். டீச்சரும் ரம்ஜான் பீவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“என்னடி செய்யிற?” என்றாள் ரம்ஜான் பீவி.

“ஒரு சட்டை தைக்கலாம்னு மாமி.”

“மனசுக்கு ஒப்புதா?”

நர்கீஸ் நாடாவின் இரண்டு முனையும் சேரும் இடத்தில் விரலை வைத்துப் பார்த்தாள்.

“முன்னால தைச்சதெல்லாம் ஆளைப் பாக்காம, குத்துமதிப்பாத் தைச்சது. இப்ப அளவெடுக்கப் பிள்ளை இருக்கா. எடுக்கையில பயமாத்தான் இருக்கு மாமி. இருந்துட்டுப் போகட்டும்.”

“அளவெல்லாம் இருக்கட்டும். நாடா நுனியை வாயில வச்சுச் சப்புறா பாரு. மொதல்ல அதை எடு.”

டீச்சர் நாடாவைப் பிள்ளையின் வாயிலிருந்து மெதுவாக இழுத்தாள். நர்கீஸ் மறுபடி சுற்றிப் பார்த்தாள். பிள்ளை நெளிந்ததால் அளவு மாறியது. மூன்றாம் முறை இன்னும் மாறியது. “சும்மா இருக்க மாட்டியா நீ?” என்று அதட்டிவிட்டு, பெரிய அளவையே வைத்துக்கொண்டாள். வளர்கிற பிள்ளை, கொஞ்சம் தொளதொளவென்று இருப்பதே நல்லது.

துணியைக் கத்தரித்து முடித்தபோது மத்தியானப் பாங்கு கேட்டது. தொழுதுவிட்டு வந்து மிஷினில் உட்கார்ந்தாள். நூலைக் கோர்த்தாள், இரண்டாம் முறைதான் ஊசித் துளையில் ஏறியது. கால் மிதியை அழுத்தினாள். சத்தம் கேட்டுத் தொட்டிலுக்குள்ளிருந்து கமர்ஜஹான் தலையைத் திருப்பிப் பார்த்தாள். தோள் தையலை நர்கீஸ் நிதானமாக, நேராக ஓட்டிக்கொண்டு போனாள்.